மாடிக்கு வைஃபை எட்டவில்லையா? வாங்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கீழே ஹாலில் ஃபைபர் பெட்டி இருக்கிறது. மாடி அறையில் வைஃபை ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. துபாயிலிருந்து வீடியோ அழைப்பு வந்தால் மாடிப்படியில் இறங்கி வந்து உட்கார்ந்துதான் பேச முடிகிறது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்து மாடிவீடுகளில் அடிக்கடி கேட்கும் குறை இது. கடைக்குப் போனால் ஒருவர் எக்ஸ்டென்டர் வாங்கச் சொல்வார், ஒருவர் மெஷ் என்பார், இன்னொருவர் பெரிய ரவுட்டராக வாங்கி மாட்டச் சொல்வார். கேபிள்காரரோ பிளானை மாற்றுங்கள் என்பார்.

எதை வாங்குவது என்பதை முடிவு செய்யும் விஷயங்கள் மூன்று. பெட்டியின் பின்பக்கத்தில் என்னென்ன போர்ட் இருக்கிறது, வீட்டுச் சுவரும் தளமும் எப்படிப்பட்டவை, கேபிள் இழுக்க வழி இருக்கிறதா. பெரும்பாலான மாடிவீடுகளுக்கு எங்கள் பரிந்துரை ஒன்றுதான்: கீழிருந்து மேலே ஒரே ஒரு லேன் கேபிள், அதன் மேல்முனையில் ஒரு சாதாரண இரண்டாவது ரவுட்டர். மற்ற வழிகள் எப்போது பொருந்தும், எப்போது காசைக் கரைக்கும் என்பதையும் கீழே சொல்கிறோம்.

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது

ஃபைபர் இணைப்பில் கம்பெனி தரும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். ஒளியாக வரும் தகவலை மின் சைகையாக மாற்றுவது, ரவுட்டர் வேலை, வைஃபை என்று மூன்றையும் அது ஒன்றே செய்கிறது.

பச்சை நிறத் தலையுள்ள மெல்லிய ஒயர் போய்ச் செருகும் இடம் பான் போர்ட். இணைப்பின் உயிர்நாடி அதுதான். அந்தப் பச்சைத் தலையின் முனை 8 டிகிரி சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். நீலத் தலை ஒயரின் முனையில் அந்தச் சாய்வு கிடையாது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் என்பதுதான் ஆபத்து. நீலத்தைப் பச்சைக்குள் தள்ளினால் பொருந்தியதுபோல் தெரியும், ஒளி மட்டும் சரியாகக் கடக்காது. ஒயரை மாற்றும்போது நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். முனையைக் கையால் தொடாதீர்கள், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

முன்பக்கத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மினுங்கினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அது வெளியே ஒயரில் உள்ள கோளாறு, ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் தீராது. சிவப்பு இல்லாமல் பான் விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, ஆனால் கம்பெனிப் பக்கம் இந்தப் பெட்டியை இன்னும் ஏற்கவில்லை. புகார் கொடுக்கும்போது இந்த இரண்டில் எது என்று சொன்னால் லைன்மேன் ஏணியோடு வர வேண்டுமா, அலுவலகத்திலிருந்தே சரிசெய்ய முடியுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது லேன் போர்ட்கள். பெரும்பாலும் நான்கு அல்லது இரண்டு இருக்கும். இவை எல்லாம் ஒரே வேகம் என்று நினைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பல ஓஎன்டிகளில் ஒரு போர்ட் மட்டும் 1000 எம்பிபிஎஸ், மற்றவை 100 எம்பிபிஎஸ். பெட்டியில் ஜிஇ என்று அச்சிட்டிருந்தால் 1000, எஃப்இ என்றிருந்தால் 100. நிறம் மாறியிருந்தாலும் சந்தேகப்பட்டு அடியில் உள்ள லேபிளைப் படியுங்கள். 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டுவிட்டு மாடிக் கேபிளை எஃப்இ போர்ட்டில் செருகினால் மாடியில் 94 எம்பிபிஎஸ் அளவில் நின்றுவிடும். வேகச் சோதனையில் 93, 94 என்று ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் பிளானைக் குறை சொல்லாதீர்கள். வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது, இல்லையென்றால் கேபிளில் ஒரு கம்பி அறுந்திருக்கிறது. 1000 எம்பிபிஎஸ் ஓட எட்டுக் கம்பியும் வேண்டும். 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும். அதனால் மற்ற நான்கில் ஒன்று போனாலும் இணைப்பு அறுகாது, ஓசையில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும்.

சில பெட்டிகளில் கடைசி லேன் போர்ட்டை டிவி சேவைக்கென்று கம்பெனி பிரித்து வைத்திருக்கும். அதில் எதைச் செருகினாலும் இணையம் வராது. போர்ட் கெட்டுவிட்டது என்று பெட்டியை மாற்றக் கேட்பதற்கு முன் பக்கத்துப் போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

சற்றுக் குறுகலாக இருப்பது தொலைபேசிப் போர்ட். போன் ஒயரின் சிறிய தலை லேன் போர்ட்டுக்குள்ளும் நுழையும், ஆனால் உள்ளே ஓரத்துக் கம்பிகளை வளைத்துவிடும். யுஎஸ்பி போர்ட் பென்டிரைவுக்கு, கைபேசி சார்ஜுக்கு அல்ல.

தனியாக வாங்கும் ரவுட்டரில் பான் போர்ட் இருக்காது. அதற்குப் பதில் வேறு நிறத்தில், பெரும்பாலும் நீலத்தில், வேன் என்று எழுதிய ஒரு போர்ட் இருக்கும். வெளியிலிருந்து இணையம் உள்ளே வரும் வாசல் அது. லேன் போர்ட்கள் வீட்டுக்குள் திறக்கும் வாசல்கள். இந்த ஒரு வேறுபாடு மனதில் நின்றால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு ஓட்டை இருக்கும், ரீசெட். உங்கள் சொந்த ரவுட்டரில் தாராளமாக 10 விநாடி அழுத்தலாம். கம்பெனி ஓஎன்டியில் தொடவே தொடாதீர்கள். அதற்குள் கம்பெனி உங்கள் இணைப்பை அடையாளம் காணும் பிபிபிஓஇ பயனர்பெயரும், இணையம், போன் என்று சேவைகளைப் பிரிக்கும் விலான் எண்ணும், போன் அமைப்பும் எழுதியிருக்கும். அழித்துவிட்டால் லைன்மேன் வரும்வரை வீட்டில் இணையம் இல்லை.

முதல் வழி: இருக்கிற பெட்டியை இடம் மாற்றுவது

கூரைவீடு, ஓட்டுவீடு, ஒரே தளமுள்ள சிறிய வீடு என்றால் இது போதும். ஓலையும் ஓடும் வைஃபையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. கேபிள்காரர் ஒயர் நுழைய வசதியான முன் சன்னலோரத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அதை வீட்டின் நடுவுக்கு, ஆள் உயரத்துக்கு மேலே கொண்டுவந்தாலே நிலைமை மாறும். இரும்பு பீரோவின் மேல், பிரிட்ஜுக்குப் பின்னால், டிவிக்கு அடியில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் வேண்டாம். இரும்பு அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் குடித்துவிடும்.

ஃபைபரை நீட்ட பச்சைத் தலை இரண்டு பக்கமும் உள்ள ஆயத்த ஒயர் கிடைக்கும். மிச்சத்தைச் சுற்றி வைக்கும்போது டம்ளர் வாயைவிடச் சிறிய வட்டமாகச் சுற்றாதீர்கள். கதவிடுக்கில் நசுங்கினாலும், ஆணியில் மடங்கினாலும் உள்ளே கண்ணாடி இழையிலிருந்து ஒளி கசிந்துவிடும்.

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் (லேபிளில் உள்ள முகவரியை உலாவியில் தட்டினால் வரும்) ஆர்எக்ஸ் பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் அளவு, என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐத் தாண்டிக் கீழே போனால் மழை பெய்தால் அறுகிறது, இரவில் அறுகிறது என்ற புகார்கள் ஆரம்பிக்கும். இணைப்புக் கொடுத்த அன்றே இந்த எண்ணைக் கேட்டுப் படிப்பு நோட்டிலாவது எழுதி வையுங்கள். பின்னாளில் லைன்மேனோடு பேசும்போது, ‘அன்றைக்கு மைனஸ் 19, இன்றைக்கு மைனஸ் 26’ என்று சொல்ல முடிந்தால் பேச்சே வேறு.

எக்ஸ்டென்டர்

இருக்கிற வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் சிறு பெட்டி இது. விலை குறைவு, சுவர் பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் கேட்பதும் அதுவே, திருப்பிச் சொல்வதும் அதுவே என்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சிக்னல் இல்லாத அறையிலேயே கொண்டுபோய் வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. இல்லாத சிக்னலை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? ஒரு அறையில் வாட்ஸ்அப் ஓடினால் போதும் என்றால் வாங்கலாம். வெளிநாட்டு வீடியோ அழைப்புக்காக என்றால் வாங்க வேண்டாம்.

மெஷ்

ஒரே குடும்பத்துப் பெட்டிகள் இரண்டோ மூன்றோ தங்களுக்குள் பேசிக்கொண்டு வீடு முழுக்க ஒரே பெயரில் வைஃபை தருவது மெஷ். நடந்துகொண்டே பேசினாலும் கைபேசி அழகாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். நல்ல பொருள்தான். ஆனால் பெட்டிகளுக்கு இடையே இருப்பதும் வைஃபைதான் என்பதை மறக்கக்கூடாது. கம்பி நிறைந்த கான்கிரீட் தளத்தையும், கீழக்கரைப் பழைய வீடுகளில் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவரையும் தாண்ட அதுவும் திணறும். முன்தெருவிலிருந்து பின்தெரு வரை நீளும் வீட்டில் மூன்று பெட்டி கேட்கும்.

மெஷ் பொருந்தும் இடம் ஒன்று உண்டு: வாடகை வீடு, சுவரில் துளை போட உரிமையாளர் விடமாட்டார், கேபிள் தொங்கவிடவும் வழியில்லை. அப்படியானால் இரண்டாவது பெட்டியைச் சிக்னல் செத்த அறையில் வைக்காமல், கைபேசியில் சிக்னல் மைனஸ் 65 அளவுக்காவது காட்டும் பாதி வழியில், மாடிப்படித் திருப்பத்தில் வையுங்கள். படிக்கூடு திறந்திருப்பதால் அலை அதன் வழியாக மேலேறும். வாங்கும்போது பின்னால் லேன் போர்ட் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினால், நாளை சொந்த வீட்டில் கேபிள் போட்டு அதையே கம்பி வழியாக ஓட்டலாம்.

பிரிட்ஜ் போட்டுச் சொந்த ரவுட்டர்

ஓஎன்டியை வெறும் ஒளி மாற்றியாக்கிவிட்டு, ரவுட்டர் வேலை முழுவதையும் சொந்த ரவுட்டரிடம் கொடுப்பது இது. கம்பெனியிடம் பிரிட்ஜ் கேட்க வேண்டும், எல்லாக் கம்பெனியும் தருவதில்லை. தந்தால் பிபிபிஓஇ பயனர்பெயரும் கடவுச்சொல்லும் எழுத்தில் வாங்கி, அவற்றைச் சொந்த ரவுட்டரின் வேன் அமைப்பில் இட வேண்டும். விலான் எண் எந்தப் பெட்டியில் இடப்படுகிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ராமேஸ்வரத்தில் ஏழெட்டு அறை வைத்து யாத்ரீகர்களுக்கு விடும் வீட்டுக்கு இது தகுந்தது. அமாவாசை அன்று ஐம்பது கைபேசி ஒரே நேரத்தில் ஒட்டிக்கொண்டால் கம்பெனிப் பெட்டி திணறிவிடும். நல்ல ரவுட்டரில் விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரித்து, உங்கள் பில் போடும் கணினியும் கேமராவும் அவர்கள் கண்ணில் படாமல் வைக்கலாம். ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. கோளாறு வந்தால் கம்பெனி தன் பெட்டிவரை பார்த்துவிட்டு ‘எங்கள் பக்கம் சரி’ என்று சொல்லும். மிச்சத்தை நீங்களே பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரிட்ஜ் கேட்பவர்களில் பலர் கேமராவை வெளியூரிலிருந்து பார்ப்பதற்காகக் கேட்கிறார்கள். அதற்குமுன் ஒன்றைச் சரிபாருங்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால், பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரியைக் கம்பெனி பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. அப்போது பிரிட்ஜ் போட்டாலும், வெளியிலிருந்து கேமராவுக்கு நேரே வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. கேமரா ரெக்கார்டரின் க்யூஆர் குறியை அதன் செயலியில் ஸ்கேன் செய்து பார்ப்பதே சுலபம், இல்லையென்றால் கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்க வேண்டும்.

சிம் ரவுட்டரும் 5ஜி வீட்டு இணைப்பும்

ஃபைபர் வராத இடத்துக்கு இது இருக்கிறது. மொட்டைமாடியில் ஒரு வெளிப்பெட்டி, அங்கிருந்து கரண்டையும் தகவலையும் சேர்த்துக் கொண்டுவரும் ஒரே கேபிள், உள்ளே வைஃபை பெட்டி. டவர் தெரியும் திசையில் வெளிப்பெட்டியைத் திருப்பி வைக்கும் வேலையில்தான் வேகம் இருக்கிறது. பத்து டிகிரி திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் சோதித்து இறுக்குங்கள். தாங்கும் கிளாம்ப் 316 தர ஸ்டெயின்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள், 304ம் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி பிடிக்கும்.

தனுஷ்கோடிப் பக்கம் கைபேசியில் இலங்கை நெட்வொர்க் தலைகாட்டுவது தெரிந்ததே. தீவின் கிழக்குப் பக்கத்தில் சிம் ரவுட்டர் வைப்பவர்கள் அமைப்பில் டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி உங்கள் கம்பெனியை மட்டும் குறித்துவிடுங்கள்.

ஃபைபர் கிடைக்கும் வீட்டில் இதை முதன்மை இணைப்பாக எடுக்க எந்தக் காரணமும் தெரியவில்லை. சாயங்காலம் ஊரே கைபேசி எடுக்கும் நேரத்தில் டவர் நெரிசலாகும், வேகம் இறங்கும்.

எங்கள் தேர்வு: ஒரு கேபிள், இரண்டாவது ரவுட்டர்

அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். புதிதாக வாங்கினால் போர்ட்கள் 1000 எம்பிபிஎஸ், வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் உள்ளதாக வாங்குங்கள். 20 மீட்டர் கேபிளோடு சேர்த்தும் இது நல்ல மெஷ் ஜோடியைவிடச் செலவு குறைவு, வேகமோ கீழே கிடைக்கும் அதே வேகம். தளம் எவ்வளவு தடிமனானாலும் கேபிளுக்குக் கவலையில்லை. 100 மீட்டர் வரை லேன் கேபிள் தாங்கும், எந்த வீட்டுக்கும் அது அதிகம்.

கேபிள் கேட்6, முழுச் செம்பு. கடையில் மலிவாகத் தருவது பல நேரம் செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம். கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், தூக்கினால் எடையும் குறைவாக இருக்கும். உள்நாட்டில் அது சில ஆண்டு ஓடலாம். இங்கே வெட்டிய முனையில் உப்பு ஈரம் பட்டால் செம்போடு ஒட்டியிருக்கும் அலுமினியம் வேகமாக அரித்துப்போகும். சுவருக்கு வெளியே ஏற்றுவதானால் கறுப்பு உறையுள்ள வெளிப்புறக் கேபிள் வாங்குங்கள், சாம்பல் நிறத்தது வெயிலில் வெடித்துவிடும். துளைக்குள் நுழைவதற்கு முன் கேபிளை ஒரு சாண் கீழே இறக்கி வளைத்து மேலேற்றுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

முனை அடிக்கும்போது இரு பக்கமும் ஒரே வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. கிளிப்பின் (முனையில் அடிக்கும் பிளாஸ்டிக் தலை) நாக்கு கீழ்ப்பக்கம் இருக்க, இடமிருந்து வலம். பச்சைக்கு நடுவே நீல ஜோடி வருவதுதான் பலருக்குத் தப்பும் இடம்.

இனி அமைப்பு. வரிசை முக்கியம், மாற்றினால் பாதியில் ரவுட்டருக்குள் நுழைய முடியாமல் போகும்.

1. இரண்டாவது ரவுட்டரை எதோடும் இணைக்காமல் தனியாகக் கரண்டு கொடுத்து, ரீசெட்டை 10 விநாடி அழுத்திப் பழைய அமைப்பை அழியுங்கள். அதன் வைஃபையில் கைபேசியை இணைத்து, அடியில் லேபிளில் உள்ள முகவரிக்கு (192.168.0.1 அல்லது 192.168.1.1) போங்கள்.

2. இயக்க முறை என்ற பகுதியில் அக்சஸ் பாயின்ட் (ரவுட்டர் வேலை இல்லாமல் வைஃபை மட்டும் தரும் முறை) என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஐபி (பெட்டியின் முகவரி), டிஹெச்சிபி (மற்ற சாதனங்களுக்கு முகவரி பங்கிடுவது) வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும், கேபிளையும் வேன் போர்ட்டில் செருகலாம். நேரே ஐந்தாம் படிக்குப் போங்கள்.

3. அப்படி இல்லையென்றால் லேன் ஐபியை மாற்றுங்கள். கீழ்ப்பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.254 கொடுங்கள். கீழ்ப்பெட்டி மற்ற சாதனங்களுக்கு முகவரி பங்கிடும் எல்லைக்குள் 254 இருந்தால், அங்கே அந்த எல்லையை 20 முதல் 250 வரை என்று சுருக்குங்கள். சேமித்ததும் ரவுட்டர் துண்டித்துக்கொள்ளும், புதிய முகவரியில் மறுபடி நுழையுங்கள்.

4. கேபிளை இரண்டாவது ரவுட்டரின் லேன் போர்ட்டில்தான் செருகப் போகிறீர்கள். வேன் போர்ட் காலியாக இருக்கட்டும்.

5. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் பாதுகாப்பு முறையும் கீழே உள்ளது போலவே எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். சேனல் மட்டும் மாறவேண்டும். 2.4ல் கீழே 1 என்றால் மேலே 11, அகலம் 20. 5ல் கீழே 36, மேலே 149. 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடாரோடு பங்கிட்டவை. ரேடார் சைகை என்று ரவுட்டர் நினைத்தால் உடனே விலகி, மாறும் சேனலும் அதே கூட்டத்தில் இருந்தால் ஒரு நிமிடம் காத்திருந்துதான் திரும்ப வரும். ‘5ஜி வைஃபை திடீரென்று காணாமல் போய் வருகிறது’ என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

6. மூன்றாம் படி வழியாக வந்தவர்கள் கடைசியாக டிஹெச்சிபியை அணையுங்கள். இதை முதலில் அணைத்தால் உங்கள் கைபேசிக்கே முகவரி கிடைக்காது.

7. கீழ்ப்பெட்டியின் ஜிஇ போர்ட்டிலிருந்து வரும் கேபிளைச் செருகிச் சோதியுங்கள்.

டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் வீட்டில் முகவரி கொடுப்பவர்கள் இருவர் ஆகிவிடுவார்கள். சில கைபேசிக்குக் கீழ்ப்பெட்டி முகவரி கொடுக்கும், சிலவற்றுக்கு மேல்பெட்டி கொடுக்கும். மேலே வாங்கியவற்றில் ‘இணைந்தது, இணையம் இல்லை’ என்று வரும். காலையில் ஓடியது மாலையில் ஓடாது. காரணம் தெரியாமல் பிளானையும் கம்பெனியையும் மாற்றுகிறவர்கள் உண்டு.

அக்சஸ் பாயின்ட் ஆக்காமல் கேபிளை வேன் போர்ட்டில் செருகினால், ரவுட்டருக்குள் ரவுட்டர் ஆகிவிடும். இணையம் வரும். ஆனால் மாடியிலிருந்து கீழே உள்ள டிவிக்குப் படம் அனுப்ப முடியாது, பிரின்டரும் கேமரா ரெக்கார்டரும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பெட்டியும் 192.168.1 வரிசையிலேயே இருந்தால் அந்த இணையமும் வராது. இன்னொன்று, தவறுதலாக ஒரே கேபிளின் இரு முனையும் ஒரே பெட்டியில் மாட்டிவிட்டால் விளக்குகள் எல்லாம் வெறிபிடித்ததுபோல் மினுங்கி, வீடு முழுக்க இணையம் நின்றுவிடும். ஒரு முனையை உருவினால் சரியாகும்.

மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு அறை வைத்திருப்பவர்கள் இரண்டாவது ரவுட்டரைக் கொட்டகைக்கு உள்ளேயே வையுங்கள். வெளியிலிருந்து தகரத்தைத் துளைத்து வைஃபை போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உப்புக்காற்றும் இடியும் கரண்டும்

1914ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே துரு விடவில்லை. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பதும் இந்தக் காற்றால்தான். அந்தக் காற்று ரவுட்டரின் லேன் போர்ட்டுக்குள்ளும் போகிறது. தலைமயிர் போன்ற எட்டுக் கம்பிகள் அங்கே வெளியே தெரிய நிற்கின்றன. பச்சை பூத்துவிட்டால் முதலில் வேகம் 1000லிருந்து 100க்கு விழும், பிறகு விட்டுவிட்டு அறுகும்.

கடலைப் பார்த்த சன்னலோரம் எந்தப் பெட்டியும் வேண்டாம். காலியான போர்ட்களுக்கு ரப்பர் மூடி கிடைக்கும், வாங்கிச் செருகுங்கள். கிளிப் வாங்கும்போது தங்கப்பூச்சு தடிப்பானதாகக் கேளுங்கள், இங்கே அது ஆடம்பரம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கரண்டை அணைத்துவிட்டு, கிளிப்பின் முனையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்து, காய்ந்தபின் நாலைந்து முறை செருகி எடுங்கள். ஈரத்துக்குப் பயந்து ரவுட்டரைத் துணியால் மூடாதீர்கள், சூட்டில் செத்துவிடும்.

தெருவிலிருந்து வரும் கறுப்பு ஃபைபர் ஒயரைத் தாங்க உள்ளே இரும்புக் கம்பி இருக்கும். கடலோரத்தில் அது துருப்பிடித்து அறுந்தால் பாரம் முழுவதும் கண்ணாடி இழை மேல் விழும். புது இணைப்பு எடுப்பவர்கள், இரும்புக்குப் பதில் கண்ணாடிநார்க் கம்பி வைத்த ஒயர் இருக்கிறதா என்று கேளுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பனை மட்டையின் கருக்கில் ஒயர் உரசி அறுபடுவது இந்தப் பக்கத்துக்கே உரிய கோளாறு. வரும் வழியில் பனை நின்றால் இரண்டு முழம் தள்ளி இழுக்கச் சொல்லுங்கள்.

ஃபைபர் இழை இடியைக் கடத்தாது. லேன் கேபிள் கடத்தும். வீட்டிலிருந்து எதிர்க்கடைக்கோ, மொட்டைமாடி கேமராவுக்கோ செம்புக் கேபிள் இழுத்திருந்தால் ஐப்பசி கார்த்திகை இடிமழையில் அந்த வழியாகத்தான் லேன் போர்ட் செத்துப்போகும். இரண்டு கட்டடங்களுக்கு இடையே என்றால் செம்பை விட்டுவிட்டு, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஒளியை மின் சைகையாகவும் மின் சைகையை ஒளியாகவும் மாற்றும் பெட்டி) வைத்து ஃபைபராகவே இழுங்கள். மொட்டைமாடிக் கேமராக்களைத் தனி ஸ்விட்சில் சேர்த்து, அங்கிருந்து ரவுட்டருக்கு ஒரே ஒயர் விடுங்கள். இடி கேட்டதும் அந்த ஒன்றை உருவினால் போதும்.

கடைசியாகக் கரண்டு. ஈபி பராமரிப்பு மின்தடை நாளில் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாவிட்டாலும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று பெட்டியை ஓட்டும். 7.4 வோல்ட், 4400 எம்ஏஹெச் பேட்டரி உள்ளது 8 வாட் இழுக்கும் ஒரு பெட்டியைப் புதிதில் மூன்று மணி நேரம் தாங்கும், இரண்டு பெட்டி மாட்டினால் பாதி. மாடி ரவுட்டருக்கும் யுபிஎஸ் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். வாங்கும் முன் அடாப்டரின் எழுத்தைப் படியுங்கள். ஓஎன்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட், சிறிய ரவுட்டர்கள் பல 9 வோல்ட். ஊசி ஒன்றாகவே பொருந்தும், 9 வோல்ட் ரவுட்டரில் 12 ஏறினால் புகை வரும்.

உங்கள் பக்கம் கரண்டு இருந்தும் இணையம் போகிறதென்றால் இணைப்புக் கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் கரண்டு தேவைப்படும் பெட்டி ஏதாவது இருக்கிறதா? முறையான ஃபைபர் இணைப்பில் நடுவில் இருப்பது வெறும் ஒளிப் பிரிப்பான், அதற்குக் கரண்டு வேண்டாம். சில உள்ளூர் இணைப்புகளில் கம்பத்தில் ஸ்விட்ச் வைத்து அங்கிருந்து லேன் கேபிளாக வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். அந்தத் தெருவில் கரண்டு போனால் உங்கள் யுபிஎஸ்ஸால் பயனில்லை. அப்படிப்பட்ட இணைப்பில் ஓஎன்டி இருக்காது, வரும் கேபிளை நேரே உங்கள் ரவுட்டரின் வேன் போர்ட்டில்தான் செருகுவார்கள். இரண்டு வகையும் உங்கள் தெருவுக்கு வருகிறதென்றால், மாதம் கொஞ்சம் கூடினாலும் பச்சைத் தலை ஒயர் வருகிற இணைப்பையே எடுங்கள்.